ஆவியர் மலையில் அரசப் பெயர்கள்

கோடைக்கானலுக்குச் சென்று திரும்பியவர்களிடம் அங்கு கண்டவற்றைக் கேட்டால் வரும் பெயர்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். 1872ஆம் ஆண்டு கோக்கர் என்னும் படைத்துறை அலுவலர் அமைத்த கோக்கர்ஸ் வாக். 1908இல் உருவான பிரையண்ட் பூங்கா. மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த சர் வியர் ஹென்றி லெவிஞ்சின் முயற்சியால் 1863இல் உருப்பெற்ற ஏரி. கல்வியில் ஆர்வமுள்ளவராயின், 1901இல் அமெரிக்கச் சமயப் பணியாளர்களின் பிள்ளைகளுக்கென 'ஹைக்ளேர்க்' என்ற பெயரில் தொடங்கி, இன்று கோடைக்கானல் பன்னாட்டுப் பள்ளியாக விளங்கும் நிறுவனத்தையும் சேர்த்துச் சொல்வர்.

இவர்கள் எவரும் அரசர் அல்லர். அலுவல் நிமித்தமாகவோ, கோடை வெப்பத்துக்கு அஞ்சியோ மலையேறியவர்கள். 1821இல் வார்டு என்னும் அலுவலர் இம்மலைகளை அளந்து எழுதினார். 1845இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சார்ந்தவர்கள் இங்கே முதல் வீடுகளைக் கட்டினர். நகரின் வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது என்பது உண்மையே. ஆனால் மலையின் வரலாறு அங்கிருந்து தொடங்குவதில்லை. அதற்கு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த மலைத்தொடருக்குத் தலைவர்கள் இருந்தனர். அவர்களைப் புலவர்கள் பாடினர். அப்பெயர்களில் சில மறைந்தன. சில உருமாறி நின்றன. ஒன்று மட்டும் எல்லாப் பள்ளிப் பிள்ளைகளின் வாயிலும் வாழ்கிறது. எவ்வெப்பெயர் எவ்வாறு நின்றது, எது ஏன் மறைந்தது என்பதை நாம் இங்கே சிறிது ஆராய்வோம்.

கோடை என்னும் பழம்பெயர்

கோடைக்கானல் என்றதும் கோடை வாசத்தலம் என்றே பொருள் கொள்கிறோம். ஆனால் கோடை என்பது சங்கப் பாடல்களிலேயே ஒரு மலையின் பெயராக ஆளப்பட்டுள்ளது. அகநானூற்றின் 13ஆம் பாடலில் பாண்டியனுக்குப் படைத்துணையாக இருந்த பண்ணி என்பவன் கோடை மலைக்குத் தலைவனாகக் காட்டப்படுகிறான். புறநானூற்றின் 205ஆம் பாடல் அதே மலைக்குரிய கடிய நெடுவேட்டுவன் என்பவனை நோக்கிச் சொல்லப்பட்டது. இரண்டையும் பாடியவர் ஒருவரே, பெருந்தலைச் சாத்தனார். அந்தக் கோடை இன்றைய கோடைக்கானல் மலையே என்பது ஆய்வாளர் பலர் ஏற்ற கருத்து.

இவற்றுள் நெடுவேட்டுவன் பாடல் சுவையானது. பரிசில் கேட்டு வந்த புலவரை அவன் காக்க வைத்துவிட்டான். காலம் நீட்டிக்கப்பட்டதால் மனம் புண்பட்ட சாத்தனார், செல்வம் முற்றிய மூவேந்தரே ஆயினும் விருப்பமின்றிக் கொடுத்தால் அது தமக்கு வேண்டா என்று கூறிவிடுகிறார். ஏழைப் புலவர் ஒருவர் மலைத்தலைவனுக்குக் கற்பித்த பாடம் அது. கொடுப்பது மட்டும் கொடையாகாது, கொடுக்கும் மனமும் வேண்டும் என்பதே அதன் சாரம்.

இதே சாத்தனார்தாம் பின்னர்க் குமணனிடம் செல்கிறார். தம்பியிடம் நாட்டை இழந்து காட்டில் இருந்த குமணன், கொடுக்க வேறொன்றும் இல்லாத நிலையில், விலை பேசப்பட்டிருந்த தன் தலையையே கொடுக்க எண்ணி வாளைப் புலவர் கையில் தந்தான். குமணனது முதிர மலையையும் இந்தப் பழனி, உடுமலைப் பகுதியோடு பொருத்திக் காட்டுவோர் உண்டு. ஒரே புலவர், மனமில்லாத செல்வனையும் செல்வமில்லாத மனத்தானையும் கண்டிருக்கிறார். இன்று குமணன் பெயரை அறிந்தோர் பலர். நெடுவேட்டுவன் பெயரை அறிந்தோர் தமிழ் பயின்ற சிலரே. பண்ணியின் பெயரோ அவர்களிலும் சிலருக்கே தெரியும்.

பொதினியும் வையாபுரியும்

மலையின் வடக்கு அடிவாரத்தில் உள்ள பழனிக்குச் சங்க காலப் பெயர் பொதினி. மாமூலனார் அகநானூற்றின் 1ஆம், 61ஆம் பாடல்களில் அவ்வூரை ஆவி என்னும் வேளிர் தலைவனுக்கு உரியதாகக் குறிக்கிறார். பொதினியே பழனியென மருவிற்று என்பர். முருகனை நோக்கிப் 'பழம் நீ' என்று சொன்னதால் பழனி ஆயிற்று என்னும் கதை நம் வீடுகளில் வாழ்கிறது. கதைக்குரிய இடத்தில் அதுவும் வாழட்டும்.

இந்த ஆவியர் குடியின் அரசு என்றோ மறைந்துவிட்டது. ஆனால் பெயர் மறையவில்லை. மலையடிவாரக் கோயில் இன்றும் திருவாவினன்குடி என்றே அழைக்கப்படுகிறது. திருமுருகாற்றுப்படை முருகனது இருப்பிடங்களுள் ஒன்றாக ஆவினன்குடியைப் போற்றுகிறது. பழனியிலுள்ள பெரிய குளத்துக்கு வையாபுரிக் குளம் என்று பெயர். வையாவி என்னும் குடிப்பெயரே வையாவிபுரியாகி, வையாபுரி எனச் சுருங்கியது என்று அறிஞர் கூறுவர். அவ்வாறாயின், தமிழ்நாட்டில் வையாபுரி என்று பெயர் தாங்கிய ஒவ்வொருவரும் தம்மையறியாமல் ஒரு சங்க கால வேளிர் குடியின் பெயரைச் சுமக்கின்றனர். சங்கப் பாடல்கள் அனைத்தையும் புலவர் வாரியாகத் தொகுத்து 1940இல் சமாஜப் பதிப்பாக வெளிவரச் செய்த பேரறிஞருக்கும் எஸ். வையாபுரிப் பிள்ளை என்பதே பெயர். ஆவியர் கோமானைப் பற்றிய பாடல்களை ஒழுங்குபடுத்தியவர் பெயரிலேயே அக்குடியின் நிழல் படிந்திருப்பது எத்துணை வியப்பு!

பழனி இறைவனையும் நினைத்துப் பாருங்கள். கோவணம் உடுத்திய ஆண்டியாகவும், முடியும் மணியும் அணிந்த அரசனாகவும் ஒரே நாளில் அவன் காட்சி தருகிறான். அடியவர் பெரிதும் விரும்பிக் காண்பது இராஜ அலங்காரம். அவனை 'ஆண்டவர்' என்கிறோம். ஆண்டவர் என்றால் ஆட்சி செய்தவர். மண்ணாண்ட குடி மறைந்த மலையில் அரசக் கோலம் இறைவனிடம் நிலைபெற்றுவிட்டது.

பள்ளியில் கற்ற பேகன்

ஆவியர் குடியில் தோன்றி, இன்றுவரை பெயர் மங்காதவன் வையாவிக் கோப்பெரும் பேகன் ஒருவனே. கடையெழு வள்ளல்களை மனப்பாடம் செய்யாத தமிழ்ப் பிள்ளை உண்டோ? பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான். பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான். மழைமுகில் சூழ்ந்த மலைச்சாரலில் மயிலொன்று ஆடியதைக் கண்டான். அது குளிரால் நடுங்குவதாக எண்ணி இரங்கினான். தன் போர்வையை அதன்மேல் போர்த்தினான். சிறுபாணாற்றுப்படை இச்செயலைச் சொல்கிறது. புறநானூற்றில் பரணரும் இருமுறை சொல்கிறார்.

பரணர் இதைச் சொல்லும் முறை கருதத்தக்கது. மயில் உடுத்தாது, போர்த்தாது என்று அறிந்திருந்தும் கொடுத்தான் என்கிறார். பேகன் அறியாமையால் கொடுத்தவன் அல்லன். மறுமைப் பயனை எண்ணிக் கொடுத்தவனும் அல்லன். பிறருடைய வறுமை ஒன்றையே நோக்கிக் கொடுத்தவன். இது புறநானூற்றின் 141ஆம் பாடல். அடுத்த பாடலில், வற்றிய குளத்திலும் வயலிலும் மட்டுமன்றிக் களர்நிலத்திலும் பெய்யும் மழையைப் போல இவன் கொடையில் வரையறை அறியாதவன். ஆனால் போரில் மயங்காதவன் என்கிறார். கொடைமடம் என்னும் அழகிய சொல்லை நமக்குத் தந்தது அப்பாடலே.

பள்ளிப் பாடம் இங்கே முடிந்துவிடுகிறது. ஆனால் புறநானூறு இங்கே முடிவதில்லை.

பாடத்தில் இடம்பெறாத ஐந்து பாடல்கள்

புறநானூற்றில் பேகனைப் பற்றிய பாடல்கள் 141 முதல் 147 வரை, மொத்தம் ஏழு. அவற்றுள் முதல் இரண்டே அவனுடைய கொடையைப் புகழ்பவை. எஞ்சிய ஐந்தும் வேறொரு செய்தியைப் பேசுகின்றன. பேகன் தன் மனைவியைத் துறந்து, வேறொருத்தியை நாடி வாழ்ந்தான். துறக்கப்பட்டவளுக்காக நான்கு புலவர்கள் அவனிடம் வழக்காடினர்.

கபிலர் பாடியது 143ஆம் பாடல். மழை வேண்டித் தெய்வத்தை வழிபட்டு, மழை மிகுந்ததும் நிற்க வேண்டி மீண்டும் வழிபடும் குறவர் வாழும் மலைநாட்டுக்கு உரியவனே என்று தொடங்குகிறார். கோடை மலையில் ஓர் ஆடித் திங்களைக் கழித்தவர்க்கு அந்த வேண்டுதலின் பொருள் நன்கு விளங்கும். பின்பு அவர் கேட்கிறார்: நேற்று உன் மலையிலுள்ள சிற்றூரில் உன்னையும் உன் மலையையும் பாடி நின்றோம், அதைக் கேட்டு ஒருத்தி கண்ணீரை அடக்க மாட்டாமல், குழல் அழுவது போல அழுதாளே, அவள் யார்? யாரென்று கபிலர் அறியாதவர் அல்லர். அரசனே வாய் திறந்து சொல்லட்டும் என்று கேட்கப்பட்ட வினா அது.

பரணர் அடுத்த பாடலில் அவளையே பேச வைக்கிறார். யாழில் செவ்வழிப்பண் இசைத்தபோது அழுதவளை நோக்கி, நீ எம் தலைவனுக்கு உறவோ என்று வினவுகின்றனர். அவள் விரலால் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, நான் அவன் உறவினள் அல்லள் என்கிறாள். என்னைப் போன்ற ஒருத்தியின் அழகை விரும்பி, முல்லை வேலி சூழ்ந்த நல்லூருக்கு அவன் நாள்தோறும் தேரில் வருவதாகச் சொல்கின்றனர் என்கிறாள். மனைவியே தன்னை உறவல்லள் என்று சொல்லிக்கொள்ளும் அந்த ஓரிடத்தில் அடங்கிய துயரை விளக்கவும் வேண்டுமோ?

145ஆம் பாடலில் பரணர் போர்வைக் கதையை மீண்டும் எடுக்கிறார். ஆனால் இப்போது புகழுக்காக அன்று. மயில் நடுங்கும் என்று இரங்கிப் போர்வை தந்தவனே, நாங்கள் பசித்து வரவில்லை, காக்க வேண்டிய சுற்றமும் எமக்கு இல்லை. இன்றிரவே தேரேறிச் சென்று, துன்புற்று வாழ்பவளின் துயரைக் களைவாயாக. நாங்கள் இரந்து கேட்கும் பரிசில் அதுவே என்கிறார். மயிலுக்கு இரங்கியவனிடம் மனைவிக்கு இரங்கு என்று சொல்ல வேண்டியிருக்கிறது. மயில்கதை இங்கே புகழாக நில்லாமல் சான்றாக மாறுகிறது.

அரிசில் கிழார், அணிகலனும் செல்வமும் எமக்கு வேண்டா. பேணுவாரின்றிக் கிடக்கும் அவள் கூந்தல் மீண்டும் மலர் சூட, உன் தேரில் குதிரைகளைப் பூட்டு என்கிறார். பெருங்குன்றூர் கிழார், கார்காலத்து மழைத்துளி விழும் ஓசையைக் கேட்டபடி தனியே நின்று அழுதவளை நேற்றுக் கண்டோம். அவள் கூந்தலில் நெய் பூசி மலர் வேய்வதற்கு இன்றே புறப்படு, எமக்கு அதுவே பரிசில் என்கிறார்.

பசியையே பாடிப் பழகிய புலவர் மரபில், பொருள் வேண்டா என்று ஒதுக்கிவிட்டு ஒரு பெண்ணின் வாழ்வைப் பரிசிலாகக் கேட்ட பாடல்கள் இவை. பேகன் மனம் மாறித் தேரேறினானா என்பதைப் புறநானூறு சொல்லவில்லை. கேள்வியோடு பாடல்கள் நின்றுவிடுகின்றன.

நால்வர் யாவர்?

இந்த நான்கு பெயர்களையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது ஒன்று புலப்படுகிறது. சேர வேந்தரைப் பாடும் பதிற்றுப்பத்தில் ஐந்தாம் பத்தைப் பாடியவர் பரணர். ஏழாம் பத்து கபிலர். எட்டாம் பத்து அரிசில் கிழார். ஒன்பதாம் பத்து பெருங்குன்றூர் கிழார். கண்ணகிக்காக வழக்காடிய நால்வரும் சேரர் அவையில் பெரும்பரிசில் பெற்றவர்கள். அரிசில் கிழார்க்குச் சேரமான் ஒன்பது நூறாயிரம் காணத்தோடு அரசு கட்டிலையே கொடுத்தான் என்றும், அவர் அதைத் திருப்பித் தந்து அமைச்சுப் பூண்டார் என்றும் பதிகத்தின் பின்னுள்ள குறிப்பு சொல்கிறது. அரியணையையே மறுத்தவர்தாம் பேகனிடம் அணிகலன் வேண்டா என்றார்.

அதே பதிகங்கள் மற்றொன்றையும் சொல்கின்றன. நான்காம், ஆறாம், எட்டாம் பத்துக்குரிய சேர வேந்தர் மூவருடைய அன்னையரும் வேளாவிக் கோமான் குடியில் பிறந்தவர்கள். அதாவது பொதினி மலையின் பெண்கள் சேர நாட்டுக்கு அரசியராகச் சென்று அரசர்களை ஈன்றனர். சேரர் அவையோடு பழகிய புலவர்கள் ஆவியர் குடியின் குடும்பச் செய்தியில் அத்துணை உரிமையோடு தலையிட இந்த மணவுறவும் ஒரு காரணமாகலாம் என்று நாம் கருதுகிறோம். இது நம் ஊகமே. ஆயினும் பொருந்தாத ஊகம் அன்று.

ஆனால் அந்த அரசியரின் பெயர்கள் என்ன? பதிகம் அவர்களைப் 'பதுமன் தேவி' என்றும், 'வேளாவிக் கோமான் தேவி' என்றும் தந்தையின் பெயரால் மட்டுமே சுட்டுகிறது. மூன்று வேந்தரை ஈன்ற அன்னையர்க்குத் தமக்கென ஒரு பெயர் ஏட்டில் இல்லை. பேகன் மனைவியின் நிலையும் ஏறத்தாழ அதுவே. ஐந்து பாடல்களில் ஒன்றிலும் அவள் பெயர் இல்லை. பாடலின் அடியில் உள்ள குறிப்பே அவளைக் கண்ணகி என்கிறது. 1894இல் உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சேற்றியபோது அந்தக் குறிப்புகளையும் விடாமல் பதித்ததால் அப்பெயர் நமக்குக் கிட்டியது. அதுவும் முழுமையாக நிலைபெறவில்லை. கண்ணகி என்றதும் மதுரையை எரித்தவளே நினைவுக்கு வருகிறாள். கோவலனைப் பிரிந்திருந்த கண்ணகிக்கு ஒரு காப்பியம் வாய்த்தது; பேகனைப் பிரிந்திருந்த கண்ணகிக்கு ஓர் அடிக்குறிப்பே வாய்த்தது.

அரசர் கற்ற பாடம்

பள்ளிகளைப் பற்றிப் பேசும்போது, இப்புலவர்களே அக்காலத்துப் பள்ளிகளாக விளங்கியதையும் சொல்ல வேண்டும். செங்குட்டுவன் பரணர்க்கு உம்பற்காட்டு வருவாயோடு தன் மகன் குட்டுவன் சேரலையும் கொடுத்தான் என்கிறது பதிகக் குறிப்பு. மகனைக் கொடுத்தான் என்றால் கற்பிக்கும்படி ஒப்படைத்தான் என்றே அறிஞர் பொருள் கொள்வர். கபிலர் குறிஞ்சிப்பாட்டை இயற்றியது ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவிப்பதற்காக என்பது அந்நூலின் குறிப்பு. குறுந்தொகையின் 184ஆம் பாடல் ஆரிய அரசன் யாழ்ப் பிரமதத்தன் என்பவன் பெயரில் உள்ளது. இருவரும் ஒருவரே எனின், கபிலருடைய மாணவன் தேர்ச்சி பெற்றுவிட்டான் என்று கொள்ளலாம்.

தொண்ணூற்றொன்பது பூக்களை வரிசைப்படுத்தும் அப்பாட்டு மலைநிலத்துக் காதலை ஓர் அரசனுக்குக் கற்பித்த பாடநூல். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலரும் நீலக்குறிஞ்சி கோடை மலையில் 2006இலும் 2018இலும் மலர்ந்தது; 2030இல் மீண்டும் மலர வேண்டும். அப்பூவின் பெயரால் கோடைக்கானலில் நிற்கும் குறிஞ்சி ஆண்டவர் கோயில் 1936இல் எழுந்தது. எழுப்பியவர், ஈழத்துப் பெருமகனார் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியார் லீலாவதி அம்மையார். மேலைநாட்டில் பிறந்து சைவம் தழுவியவர். யாழ்ப்பாணத்தில் 1913இல் பெண்களுக்கெனத் தோன்றிய இராமநாதன் கல்லூரியோடு இணைந்தது அவர் வாழ்வு. அவரையும் மலைமக்கள் 'லேடி ராமநாதன்' என்றே அறிவர். கணவரின் பட்டத்தால் வந்த பெயர்! பதுமன் தேவி முதல் லேடி ராமநாதன் வரை வழக்கம் பெரிதும் மாறியதாகத் தெரியவில்லை.

அடைக்கலம் பெற்ற அரசி

பிற்காலத்துக்கு வருவோம். ஆவியர் மனைவிக்குக் கிட்டாத பரிவு மற்றோர் அரசிக்கு இதே மலையடியில் கிட்டிற்று. 1772இல் காளையார்கோவில் போரில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். அவர் மனைவி வேலுநாச்சியார் மகள் வெள்ளச்சியுடன் நாட்டைவிட்டு வெளியேறினார். அவர்களுக்கு இடமளித்தவர் பழனி மலையின் அடிவாரத்தில் உள்ள விருப்பாட்சியின் பாளையக்காரர் கோபால நாயக்கர். ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் அப்பகுதியிலிருந்து வேலுநாச்சியார் படை திரட்டினார். ஹைதர் அலியின் துணையைப் பெற்றார். 1780இல் சிவகங்கையை மீட்டார்.

அடைக்கலம் தந்த கோபால நாயக்கரின் முடிவு கொடியது. கிழக்கிந்தியக் கும்பினிக்கு எதிராகத் திண்டுக்கல் பகுதிப் பாளையங்களை ஒன்றுகூட்டிய அவர் 1801இல் தூக்கிலிடப்பட்டார். இன்று விருப்பாட்சி என்றால் புவிசார் குறியீடு பெற்ற மலைவாழைப்பழமே பலர்க்கு நினைவு வரும். ஓர் அரசிக்குப் புகலிடம் தந்து, தன் உயிரையும் ஈந்த ஊரின் பெயர் அது என்பதை அப்பழத்தைச் சுவைக்கும்போதேனும் எண்ணிக்கொள்வது தகும்.

வீட்டின் பெயரிலும் ஒரு மணிமுடி

அரசப் பெயர்கள் சில வேளை நகைப்பூட்டும் இடங்களிலும் வந்து அமர்கின்றன. கோடைக்கானலில் கோஹினூர் என்று ஒரு மாளிகை உண்டு. கோஹினூர் என்பது பல மன்னர்களின் கைமாறி, பிரித்தானிய முடியில் ஏறிய வைரத்தின் பெயர். அம்மாளிகையில்தான் 1965 முதல் 1967 வரை ஷேக் அப்துல்லா காவலில் வைக்கப்பட்டிருந்தார். அவர் காஷ்மீர மன்னராட்சிக்கு எதிராக 1946இல் 'காஷ்மீரைவிட்டு வெளியேறு' இயக்கம் நடத்தியவர்; 'காஷ்மீரச் சிங்கம்' எனப் பெயர் பெற்றவர். மணிமுடியை எதிர்த்தவர் முடியின் மணி பெயர்கொண்ட வீட்டில் சிறையிருந்தார். வரலாறு சில வேளைகளில் சிலேடையும் பாடும்.

ஆணையால் வந்த பெயர்கள்

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். மதுரை மாவட்டத்திலிருந்து 1985இல் பிரிக்கப்பட்ட திண்டுக்கல் மாவட்டம் சில காலம் 'மன்னர் திருமலை' என்னும் பெயரைத் தாங்கியது. கோடை மலைப்பாதையில் ஏறிய அரசுப் பேருந்துகள் 'ராணி மங்கம்மாள் போக்குவரத்துக் கழகம்' என்ற எழுத்துகளோடு சென்றன. 1689 முதல் 1706 வரை பேரனுக்காக மதுரை நாயக்க அரசை நடத்தியவர் மங்கம்மாள். சாலைகளும் சத்திரங்களும் அமைத்துப் புகழ் பெற்றவர். மதுரை தொடர்வண்டி நிலையத்துக்கு எதிரே அவர் பெயரால் மங்கம்மாள் சத்திரம் உள்ளது. தென்னாட்டுச் சாலைகள் சில மங்கம்மாள் சாலை என்றே வழங்கப்பட்டன. சாலையமைத்தவர் பெயரைப் பேருந்துக்குச் சூட்டியது பொருத்தமே.

ஆயினும் அது நிலைக்கவில்லை. 1997இல் தென்மாவட்டங்களில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டதை ஒட்டிச் சாதிக் கலவரம் மூண்டது. உயிர்கள் மாய்ந்தன. அதன் விளைவாக மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் சூட்டப்பட்டிருந்த தலைவர்கள், அரசர்கள் பெயர்கள் அனைத்தையும் அரசு நீக்கியது. மன்னர் திருமலை மீண்டும் திண்டுக்கல் ஆயிற்று. மங்கம்மாள் பேருந்தின் நெற்றியிலிருந்து இறங்கினார். ஒருவர் பெயரை மற்றவர் தம் பெருமைக்கு இழுக்கெனக் கருதியபோது எல்லாப் பெயரும் அழிந்தன. ஆனால் மங்கம்மாள் சத்திரத்தை எவரும் பெயர் மாற்றச் சொல்லவில்லை. அது ஆணையால் வந்த பெயர் அன்று. அவர் செய்த பணியால் ஒட்டிக்கொண்ட பெயர்.

எஞ்சி நிற்பது

இதுவரை கண்ட பெயர்களை நோக்கினால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. ஆணையால் சூட்டியவை ஆணையால் நீங்கின. பரிசிலை நீட்டித்த நெடுவேட்டுவன் ஒரு பாடலுக்குள் ஒடுங்கினான். ஆவியர் குடி கோயிலிலும் குளத்திலும் மனிதர் பெயரிலும் கலந்து நின்றது. பேகன் தன் கொடையால் நின்றான். அவன் மனைவியோ, கணவனிடம் கேட்கும் துணிவுள்ள நான்கு புலவர்கள் இருந்ததால் மட்டுமே இருந்தாள். நாம் அப்பாடல்களைக் கற்பிக்காமையால் மீண்டும் மறைந்தாள்.

பிள்ளைகளுக்குப் பேகன் கதையைச் சொல்ல வேண்டாம் என்பது நம் கருத்தன்று. மயிலுக்கு இரங்கிய உள்ளம் போற்றத்தக்கதே. ஆனால் அக்கதையோடு நிறுத்திவிட்டால், நாம் கற்பிப்பது ஓர் அரசனின் புகழை மட்டுமே. அடுத்த ஐந்து பாடல்களையும் சேர்த்துச் சொன்னால், வள்ளலாயினும் வேந்தனாயினும் பிழை செய்தவன் முன் நின்று கேட்கலாம் என்னும் துணிவையும், தனக்கென எதையும் வேண்டாமல் பிறர்க்காகக் கேட்கும் பண்பையும் சேர்த்துக் கற்பிக்கிறோம். இரண்டில் எது பெரிய பாடம்?

முதல் வகுப்பில் படிக்கும் குழந்தைக்கு இல்லறத் துறவின் வருத்தத்தை விளக்குவது எளிதன்று என்பதை ஒப்புகிறோம். ஆயினும் உயர்வகுப்பு மாணவர்க்குச் சொல்லத் தடை ஏதும் இல்லை. பாடத்தில் இல்லையெனில் வீட்டில் சொல்லலாம். வாசகர்களே, அடுத்த முறை பழனி வழியாகக் கோடை மலை ஏறும்போது, சாரலில் மயிலைக் கண்டு பிள்ளைகள் பேகன் கதையைச் சொன்னால், அதன் பின் என்ன நடந்தது தெரியுமா என்று கேளுங்கள். மழைத்துளியின் ஓசையைக் கேட்டு நின்றவளின் பெயர் கண்ணகி என்று சொல்லுங்கள். அவளுக்காகப் பொன்னை மறுத்த கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் பெயர்களையும் சொல்லுங்கள். அரசப் பெயர்களோடு அவையும் வாழட்டும்.